சுவரில் நகரும் சிமெண்ட் துணுக்கு

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பாத்ரூம் சுவரில் பூசணி விதை மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்கும். பெயர்ந்த காரை என்று விட்டுவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி இருக்கும்!

அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. தன் வாயில் சுரக்கும் பட்டு நூலில் மணல், சுண்ணாம்புத் தூள், துணிப் பிசிறு எல்லாவற்றையும் ஒட்டி உறை கட்டிக்கொள்கிறது. உறைக்கு இரண்டு பக்கமும் வாசல். நீங்கள் தொட்டால் தலையை இழுத்துக்கொண்டு, உள்ளேயே திரும்பி, அந்தப் பக்கமாகக் கிளம்பிவிடும். கில்லாடி.

வளர்ந்த பூச்சியை யாரும் கவனிப்பதில்லை. ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் சிறகு விரிப்பு. சாம்பல் இறக்கை, அதில் மங்கலாகச் சில கரும்புள்ளிகள், தலையில் கலைந்த முடி. அது எதையும் சாப்பிடுவதும் இல்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் பிரேசிலிலும் இருக்கிற வகைக்கு வால்சிங்கம் பிரபு என்ற ஆங்கிலேயப் பூச்சி ஆய்வாளர் 1897-இல் பெயர் வைத்தார், ஃபெரியோஈக்கா யூட்டரெல்லா என்று. அதன் நெருங்கிய சொந்தமான அல்லுட்டெல்லா இந்தியா, இலங்கை, ஜாவா, ஹவாய் வரை பரவியிருக்கிறது. இரண்டுக்கும் ஈரக்காற்று வேண்டும். வடசென்னையில் அதற்கென்ன பஞ்சம்?

மருந்தெல்லாம் அடிக்காதீர்கள். புழுவுக்குப் பிடித்த சாப்பாடே பழைய சிலந்தி வலைதான், அப்புறம் உதிர்ந்த தலைமுடி. ஒட்டடை அடித்தாலே போதும். கம்பளி இருந்தால் மட்டும் பத்திரம். நம்ம ஊரில் கம்பளி யார் வைத்திருக்கிறார்கள், சரி விடுங்கள்.