சமையக்கட்டு ஜன்னலுக்கு முருங்கையா அவரையா? ரெண்டு வருஷமா செஞ்சு பார்த்தது

எங்க வீடு தருமபுரி டவுன தாண்டி பாலக்கோடு போற பக்கம். சமையக்கட்டும் ஒரு பெட்ரூமும் மேற்கு பாத்து இருக்குங்க, மாசி பொறந்தா போதும், மதியம் மூணு மணிக்கு மேல சமையக்கட்டு சுவத்துல கை வைக்க முடியாது, தோசைக்கல்லு கணக்கா இருக்கும். சுவத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒம்பது அடி சந்து சும்மா கெடந்துச்சு. அங்க ஏதாவது பச்சையா வச்சா நிழலும் ஆச்சு காயும் ஆச்சுன்னு 2023 ஆனி மாசத்துல ஆரம்பிச்சது இது.

வீட்டுக்காரர் மரம்னார், ஒரு தடவை வச்சா போதும், கொடின்னா வருஷா வருஷம் வேலைன்னார். அத்தை கொடிதான்னாங்க, மரம் வளந்து நிழல் தர்றதுக்குள்ள பையன் காலேஜ் போயிடுவான்னு. எனக்கு ரெண்டு பேரையும் பகைச்சுக்க முடியாது, அதனால பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா முருங்கை, சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா அவரைப் பந்தல்னு பாதி பாதி பிரிச்சாச்சு. முருங்கைய வாசல்ல வைக்கக் கூடாதுன்னு அத்தைக்கு கண்டிஷன் வேற, பேய் ஏறுமாம். பேய் ஏறுதோ இல்லையோ கம்பளிப்பூச்சி ஏறும், அது எனக்கு அப்புறம் தெரிஞ்சுது.

குழி எடுக்கறதே பெரிய வேலை ஆயிடுச்சு. மேல ஒரு அடி செம்மண்ணு, அதுக்கு கீழ சுக்கான் கல்லு, சுண்ணாம்பு இறுகி கெடக்கற கல்லு, கடப்பாறை போட்டா தீப்பொறி பறக்குது. ரெண்டு அடி குழி ரெண்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. மாட்டெரு, மக்கின இலை, கொஞ்சம் மணல் போட்டு மூடினோம். தண்ணி போர் தண்ணிதான், ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும், செடிக்கு ஊத்தினா அத்தை விடமாட்டாங்க.

முருங்கை போத்து, அதாவது கிளைய வெட்டி நடறது, வைக்கல, பி.கே.எம்-1 விதை வாங்கி நேரா குழியிலயே போட்டேன். பெரியகுளம் தோட்டக்கலை கல்லூரியில வெளியிட்ட ரகம் அது, விதை போட்டு ஆறு மாசத்துல காய் பறிக்கலாம். கவர்ல போட்டு பிடுங்கி நட்டா ஆணிவேர் அடிபடும், அதனால்தான் நேரா போட்டது. ரெண்டரை அடி வந்ததும் நுனிய கிள்ளணும்னு படிச்சேன், மனசே வரல, நல்லா வளர்ற குழந்தை தலையில அடிக்கற மாதிரி இருந்துச்சு. கிள்ளினேன். பத்து நாள்ல நாலு பக்கமும் கிளை அடிச்சுது, கிள்ளாம விட்டிருந்தா ஒத்தை கம்பா மேல போயி காய் பறிக்க ஏணி தேடிட்டு இருந்திருப்பேன்.

அவரை ஆடியில போட்டோம், ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி அத்தை கையாலயே போட்டாங்க. நாலு சவுக்கு கம்பு, குறுக்க ஜி.ஐ. கம்பி, பழைய நைலான் கயிறு, இவ்ளோதான் பந்தல். ஆவணி கடைசிக்குள்ள பந்தல் பூரா மூடிக்கிச்சு, சமையக்கட்டு இருட்டாயிடுச்சு, பகல்லயே லைட் போட்டு சமைச்சேன். ஆனா பூ இல்ல. புரட்டாசி போச்சு, இன்னும் பூ இல்ல. எரு ஜாஸ்தியாயிடுச்சோ, இலையா போகுதோன்னு எனக்கு ஒரே கவலை. எதிர்வீட்டு அண்ணா வந்து பாத்துட்டு, "பொழுது குறையட்டும்மா, அது பொழுது பாத்துதான் பூக்கும்"னு சொல்லிட்டு போனார். அதுவே நடந்துச்சு. பந்தல் அவரைக்கு பகல் சுருங்கி ராத்திரி நீளணும், அப்பதான் பூ. ஐப்பசியில கொத்துகொத்தா ஊதாப்பூ, கார்த்திகையில இருந்து காய். தையில விதை போட்டிருந்தா வெறும் இலையதான் பாத்துட்டு இருந்திருப்பேன், சீசன் பாக்காம காய் வேணும்னா கொடி ஓடாம செடியா நிக்கற குத்து அவரை ரகம் போடணும்.

காய் வந்த மூணு மாசம் பத்தி சொல்லணும்னா சொல்லிக்கிட்டே இருக்கலாம். களிக்கு அவரைக்காய் கொழம்பு, பொங்கல் அன்னிக்கு கூட்டுல நம்ம வீட்டு அவரை, பக்கத்து நாலு வீட்டுக்கு கொடுத்து விட்டேன். மார்கழி பனியில அசுவினி வந்துச்சு, கொழுந்து பூரா கருப்பா ஒட்டிக்கிச்சு, எறும்பு அதுக்கு காவல். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிச்சேன், அத்தை காலையில பனி ஈரத்தோட அடுப்பு சாம்பல தூவினாங்க. எது வேலை செஞ்சுதுன்னு கேக்காதீங்க, ரெண்டு பேரும் தன்னோடதுதான்னு சொல்லிக்கறோம்.

முருங்கைக்கு அந்த கார்த்திகையில கம்பளிப்பூச்சி. அடிமரத்துல கும்பலா, போர்வை போத்தின மாதிரி. துணி சுத்தி பந்தம் காட்டினோம், பூச்சி போச்சு, கூடவே ஒரு பக்கம் பட்டையும் கருகிடுச்சு. அடுத்த தடவை சோப்பு தண்ணிய பீச்சி அடிச்சதே போதுமா இருந்துச்சு, மரத்துக்கும் ஒண்ணும் ஆகல.

இனிமேதான் விஷயமே. நான் எதுக்கு இதெல்லாம் வச்சேன்? மாசி பங்குனி சித்திரை வெயிலுக்கு. அவரை என்ன பண்ணுச்சு தெரியுமா, மாசியில இலை மஞ்சளாகி, பங்குனியில காஞ்சு சருகாகி, சரியா வெயில் ஏர்ற நேரத்துல பந்தல காலி பண்ணிட்டு போயிடுச்சு. லைட் போட்டு சமைச்சது குளிர் காலத்துல, வேர்த்து ஒழுக சமைச்சது சித்திரையில. 2024 ஏப்ரல் எப்படி இருந்துச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம். கடைசியில பச்சை நெட் வாங்கி அதே பந்தல் மேல கட்டினேன்.

சரி மரமாவது காப்பாத்துச்சான்னா, முருங்கை நிழல் சல்லடை நிழல்ங்க. பெட்ரூம் சுவத்துல வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியா கோலம் போட்டுச்சு. அத்தை தெனம் நாலு மணிக்கு ரெண்டு சுவத்துலயும் கை வச்சு பாப்பாங்க, அவங்க கைதான் எங்க வீட்டு தெர்மாமீட்டர். முருங்கை பக்கம் "பரவால்ல"ன்னாங்க, அவ்ளோதான் மார்க். இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, காய் நிறைய வேணும்னா காய்ப்பு முடிஞ்சதும் மூணு அடிக்கு மேல வெட்டி விடணும், நிழல் வேணும்னா வெட்டவே கூடாது. ரெண்டுக்கும் சேத்து வச்சா ரெண்டுமே அரைகுறை. நான் அந்த வருஷம் வெட்டாம விட்டேன். காய் என்னவோ நிறையதான், முழங்கைக்கு மேல நீளம், ஆனா மரம் மெலிசா உசரமா போயிடுச்சு.

2024 ஆடியில திரும்ப அவரை. இந்த தடவை கொடி ஒண்ணு பந்தல விட்டு தாவி முருங்கைய புடிச்சுக்கிச்சு. எடுத்து விடலாம்னு போனேன், "இருக்கட்டும்மா, எங்க ஊர்ல எல்லாம் முருங்கை மேலதான் அவரை ஏத்துவோம்"னாங்க அத்தை. பாக்கவும் அழகா இருந்துச்சு, சல்லடை நிழல் அடர்த்தியாவும் ஆச்சு. அடடா மரம் கொடி சண்டையே முடிஞ்சுதேன்னு நெனச்சு போட்டோ எல்லாம் எடுத்து தங்கச்சிக்கு அனுப்பினேன்.

டிசம்பர் மொதல் வாரம் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழை. எங்களுக்கு அவ்ளோ இல்ல, ஆனா விடாம பேஞ்சுது. ஈரத்துல கனத்த அவரைக்கொடி, அதுல காய், கூட காத்து. விடிகாலையில ஒரு சத்தம், போய் பாத்தா பெரிய கிளை ரெண்டும் முறிஞ்சு பந்தல் மேலயே விழுந்து கெடக்கு, பந்தலும் சாஞ்சுது. முருங்கை பருத்தா தூணாகுமான்னு சும்மாவா சொன்னாங்க. இதுல கீழ சுக்கான் கல்லு இருக்கறதால தண்ணி எறங்கல, குழியில மூணு நாள் நின்னுச்சு, வேர் அழுகிடுமோன்னு மழையிலயே வாய்க்கா வெட்டி விட்டேன். முருங்கை காஞ்சா பொழைச்சுக்கும், தண்ணி நின்னாதான் போயிடும். மழை விட்டதும் மூணு அடிக்கு அறுத்து வெட்டுல சாணி அப்பி விட்டோம். போன வருஷம் மனசு வராம வெட்டாததுக்கு புயல் வந்து வெட்டிட்டு போச்சு.

2025 தையில பந்தல நிமித்தி கோவைக்காய் வச்சேன். வேலியில தானா வர்ற கோவை வேணாம், அதுல கசக்கறதும் உண்டு, ஆண் கொடியா இருந்தா காயே வராது. எதிர்வீட்டு அண்ணா தோட்டத்துல காய்ச்சுக்கிட்டு இருந்த கொடியிலயே பென்சில் கனத்துல முத்தின தண்டா நாலு வெட்டி வாங்கி, குழிக்கு ரெண்டா நட்டேன். அவரைக்கு நேர் எதிர் இது, பனியில சோம்பி கெடந்துச்சு, மாசி வெயில் பட்டதும் எழுந்து ஓடுச்சு, பல வருஷம் நிக்கற கொடி வேற. சித்திரையில முக்கா பந்தல் மூடிடுச்சு. தண்ணிதான் கேக்குது, தெனம் ஒரு குடம், அந்த முருங்கைக்கு வாரத்துக்கு ஒரு குடம் ஊத்தினாலே ஜாஸ்தி. காயும் மூணு நாளைக்கு ஒருக்கா பறிக்கலன்னா பழுத்து செவந்துடும், கிளி கூட்டமா வந்து உக்காந்துக்குது, பையன் பரிட்சைக்கு படிக்கறத விட்டுட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

சமையக்கட்டு சுவத்துக்கு இப்ப அத்தை கையில "நல்லாருக்கு" மார்க். பெட்ரூம் சுவர் இன்னும் வெந்துக்கிட்டுதான் இருக்கு, அறுத்த முருங்கை அஞ்சாறு கிளை விட்டு என் உசரம் வந்திருக்கு, கீரைக்கு ஆச்சு, நிழலுக்கு ஆகல. பச்சை நெட்ட அங்க மாத்தி கட்டியிருக்கேன்.

ஆடி வருது. அத்தை போன வருஷ அவரை விதைய சாம்பல்ல பெரட்டி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்காங்க. பந்தல்ல கோவை இருக்கே, எங்க ஏத்துவீங்கன்னு கேட்டேன். பதில் சொல்லல, முருங்கைய பாத்துக்கிட்டு இருக்காங்க.