பழைய ஜிபிஎஸ், புது பேக்போன்: காரைக்குடி மேசையிலேயே முடித்துவிட வேண்டிய வேலை

படகுக்குப் புது பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை) வாங்கிவிட்டோம் என்று பழைய ஜிபிஎஸ்ஸையும் எக்கோ சவுண்டரையும் (ஆழம் அளக்கும் கருவி) காயலான் கடைக்குப் போட வேண்டாம். இரண்டும் வேலை செய்கிறதென்றால் புது பிளாட்டருக்கே தகவல் தரும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

பழசு பேசுவது என்எம்இஏ 0183 (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் பழைய முறை). ஒருவர் பேச மற்றவர் கேட்கிற முறை, 4800 பாடு (நொடிக்கு 4800 பிட்) வேகத்தில் வரிவரியாக எழுத்து. புதுசு என்எம்இஏ 2000. இது காரில் ஓடுகிற கேன் பஸ் வகை, நொடிக்கு 250 கிலோபிட். ஒரே கம்பியில் எல்லாக் கருவியும் முறை வைத்துப் பேசும். ஆகவே ஒயரை நேராக முறுக்கிவிட்டால் வராது. ஆக்டிசென்ஸ் என்ஜிடபிள்யூ-1 போன்ற கன்வெர்ட்டர்தான் வழி.

ஜெகதாப்பட்டினம் ஜெட்டியில் படகின் உள்ளே குனிந்துகொண்டு தவறு தேடுவதைவிட, காரைக்குடியில் மேசை மேல் முழு நெட்வொர்க்கையும் கோத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவது மேல். நாலு டி-கனெக்டர் (கிளை பிரிக்கும் இணைப்பு), இரண்டு டெர்மினேட்டர் (இரு முனையிலும் போடும் 120 ஓம் மின்தடை), 3 ஆம்ப் ஃபியூஸ் உள்ள ஒரு பவர் கேபிள், ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் போதும். பவர் கொடுக்கும் முன் மீட்டரை ஓமில் வைத்து வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, 40 என்றால் மூன்றாவது ஒன்று எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. படகில் பேக்போன் (நெட்வொர்க்கின் முதுகெலும்பு கேபிள்) ஒரே கோடாகப் போகட்டும். அதிலிருந்து பிரிகிற ஒவ்வொரு கிளையும் 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும்.

கரண்டில்தான் பலர் மாட்டுகிறார்கள். இந்த நெட்வொர்க் 9 முதல் 16 வோல்ட் வரைதான் தாங்கும். 24 வோல்ட் படகில், தொடராகக் கட்டிய இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து 12 வோல்ட் இழுக்கிற பழக்கம் உண்டே, அதை விட்டுவிடுங்கள். ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும், இன்னொன்று சார்ஜில் கொதிக்கும், ஆறு மாதத்தில் இரண்டும் போகும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் தனிக் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். நெட்வொர்க்குக்குப் பவர் ஒரே இடத்தில் நுழையட்டும், ஷீல்டு ஒயரும் (கேபிளின் காப்புறை ஒயர்) ஒரே இடத்தில் நெகட்டிவைத் தொடட்டும்.

அடுத்து ஒயர் ஜோடி. புதிய 0183 கருவிகளில் ஏ, பி என்று இரண்டு டேட்டா ஒயர் இருக்கும். பழையவற்றில் அனுப்புவதற்கு ஒன்று, மற்றதற்குக் கிரவுண்டுதான். பழைய கார்மின் என்றால் நீலம் வெளியே அனுப்புவது, பழுப்பு உள்ளே வாங்குவது, கறுப்பு கிரவுண்டு. நீலத்தை டேட்டா கன்வெர்ட்டரின் உள்வரும் ஏ-யிலும், கறுப்பை உள்வரும் பி-யிலும் கொடுங்கள். எதிர்த்திசையில் கவனம்: கன்வெர்ட்டரின் வெளிவரும் ஏ பழுப்புக்குப் போகும், வெளிவரும் பி-யைக் கிரவுண்டில் கட்டவே கூடாது. கட்டினால் உள்ளே இருக்கிற டிரைவர் ஷார்ட்டாகும். அதைச் சும்மா டேப் சுற்றி விட்டுவிட்டு, இரண்டு கருவியின் கிரவுண்டையும் மட்டும் சேருங்கள்.

கன்வெர்ட்டரில் விளக்கு மின்னுகிறது, பிளாட்டரில் ஒன்றும் வரவில்லையா? ஏ-யையும் பி-யையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பாடு வேகம். ஏஐஎஸ் கருவி (பக்கத்துக் கப்பல்களைக் காட்டுவது) 38400-ல் பேசும், 4800-ல் வைத்துக் கேட்டால் குப்பைதான் வரும். லேப்டாப்பில் பார்க்கும்போது ஜிபிஎஸ் வரி டாலர் குறியில் தொடங்கினால் ஒயரும் வேகமும் சரி.

டேட்டா வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். ஜிபிஎஸ்ஸின் டேட்டம் (இடத்தைக் கணக்கிடும் அடிப்படை அளவு) டபிள்யூஜிஎஸ் 84-ல் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். யாரோ எப்போதோ இந்தியன் டேட்டத்துக்கு மாற்றி வைத்திருந்தால், இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். பாக் நீரிணையில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்த எல்லைக்கோட்டருகே ஓட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஜிபிஎஸ் அனுப்பும் ஆர்எம்சி வரியில் (இடம், நேரம் சொல்லும் வரி) எந்த டேட்டம் என்ற குறிப்பே இருக்காது, பிளாட்டர் அப்படியே நம்பிவிடும்.

தேதியும் அப்படித்தான். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய கருவி பத்தொன்பதரை வருடம் பின்னால் போய்த் தேதி காட்டினால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, இடம் சரியாகவே வரும். நேரத்தை மட்டும் பிளாட்டரின் சொந்த ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

எக்கோ சவுண்டரின் டிபிடி (DBT) வரி அடி, மீட்டர், பாகம் (ஃபாதம்) மூன்றிலும் ஆழத்தைச் சொல்லும். மூன்றரை பாகம் என்று பழைய திரை காட்டினால் பிளாட்டரில் 6.4 மீட்டர் வர வேண்டும். டிபிடி அளப்பது டிரான்ஸ்டியூசரிலிருந்து (ஒலி அனுப்பி வாங்கும் முனை) கடல் தரை வரை. பழைய திரையில் படகின் இறக்கத்தை (நீருக்குள் மூழ்கியிருக்கும் அளவை) கூட்டி வைத்திருந்தால் இரண்டும் அந்த அளவுக்கு மாறும். கூட்டலைப் பிளாட்டர் ஒன்றில் மட்டும் வையுங்கள்.

ஒயர் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். வீட்டு ஒயரிங் செம்பு, உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் போகும். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்றும் ஆராய நம் ஊரில் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, நாம் அதைப் படகில் திரும்பச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கடைசியில் பிளாட்டரின் சோர்ஸ் மெனு (எந்தக் கருவியிலிருந்து தகவல் எடுப்பது என்று தேர்வு செய்யும் இடம்). இடத்துக்கு ஒரே ஜிபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்துப் பூட்டுங்கள். இரண்டையும் தானாக எடுத்துக்கொள்ள விட்டால் திரையில் படகு நின்ற இடத்திலேயே குதிக்கும்.