பிரிட்டிஷ் டாக் அளவுகள்: இரண்டாம் முறை எழுதியபோது நான் படித்த விதம்

துறைமுக மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்காக இங்கிலாந்து போன முதல் வருடம், வணிகத் துறைமுகங்கள் பற்றிய தாளில் நான் தேறவில்லை. படிக்காமல் போய் உட்காரவில்லை. கப்பல் நிற்கும் குளங்களான லண்டன் டாக்குகளில் வெஸ்ட் இந்தியா இறக்குமதி டாக் 30 ஏக்கர், ஏற்றுமதி டாக் 24 ஏக்கர், ராயல் டாக்குகள் மூன்றும் சேர்த்துச் சுமார் 250 ஏக்கர் நீர்ப்பரப்பு என்று எல்லாமே மனப்பாடம். இரண்டு பக்கத்துக்கு அதைத்தான் எழுதியிருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "சரி, இதில் எந்தக் கப்பல் உள்ளே வரும்?"

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கேட்டதில் இருந்த நியாயம் உறைத்தது. கல்யாண மண்டபத்தின் பரப்பைச் சொல்லிவிட்டு வாசல் அகலத்தைச் சொல்லாமல் விட்டால், சமையல் அண்டா உள்ளே போகுமா என்று யாருக்குத் தெரியும்? பிரிட்டனின் டாக்குகளுக்கு அந்த வாசல்தான் லாக். இந்தத் தாளை எழுதப் போகிறவர்கள் ஏக்கரை விட்டுவிட்டு லாக்கிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

அதற்கு முன்னால் டாக் என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சென்னையில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது, ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதனால் ஜவகர் டாக், பாரதி டாக் எல்லாம் கதவில்லாமல் கடலோடு திறந்தே கிடக்கின்றன. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு டாக் என்றால் கப்பலைக் கயிறு போட்டு நிறுத்தும் இடம், அவ்வளவுதான். லிவர்பூலில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் 9 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். பிரிஸ்டலுக்கு வெளியே ஏவன்மவுத்தில் அது 14 மீட்டரை நெருங்கும். காலையில் மிதந்த கப்பல் மதியம் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் கரையை ஒட்டிக் குளம் வெட்டி, வாயில் கதவு போட்டு, ஏறி வந்த தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்தார்கள். அந்தக் குளம்தான் டாக். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த அறை. கப்பலை அதற்குள் நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் அனுப்புவார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. லிவர்பூலில் ஒரு கடைவீதியின் நடைபாதையில் வட்டமான கண்ணாடி ஜன்னல் ஒன்று பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே பழைய செங்கல் சுவர் தெரியும். 1715இல் தாமஸ் ஸ்டீர்ஸ் கட்டிய ஓல்டு டாக்கின் சுவர் அது. கதவு போட்டு நீரை அடைத்த வணிக டாக்குகளில் உலகிலேயே முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். பரப்பு மூன்றரை ஏக்கர்தான், ஆனால் 100 கப்பல் வரை நிற்க முடிந்தது. அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். 100 கப்பல் என்ற எண் அன்றைய கப்பல் எவ்வளவு சிறியது என்பதைத்தான் சொல்கிறது. கப்பல்கள் பெருத்தன, 1826இல் அந்த டாக்கை மூடித் தூர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த டாக்கைப் படித்தாலும், அந்த வருடத்துக் கப்பல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன்.

நீங்களும் அப்படி ஜோடி சேர்த்துப் படியுங்கள். மறக்கவே மறக்காது. பிரிஸ்டலுக்கு என் ஜோடி, பொறியாளர் புரூனெல் கட்டிய கிரேட் பிரிட்டன் என்ற கப்பல். 1843 ஜூலையில் மிதக்கவிட்ட அந்தக் கப்பலின் அகலம் ஐம்பது அடிக்குக் கொஞ்சம் கூடுதல். வெளியே போகும் லாக் அதற்குப் போதவில்லை. உலகின் மிகப் பெரிய கப்பல் ஒன்றரை வருடம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. 1844 டிசம்பரில் லாக் சுவரின் மேல்கற்களைப் பெயர்த்தெடுத்த பிறகுதான் வெளியே வந்தது. லண்டனுக்கு என் ஜோடி மௌரிடானியா, அந்தப் பெயரின் இரண்டாவது கப்பல். 1921இல் திறந்த ஐந்தாம் ஜார்ஜ் டாக்கின் லாக் 800 அடி நீளம், 100 அடி அகலம். 1939இல் உள்ளே வந்த அந்தக் கப்பல் 772 அடி நீளம், 89 அடி அகலம். இரண்டு பக்கமும் ஐந்தரை அடிதான் மிச்சம். இந்தக் கழித்தலை விடைத்தாளில் போட்டுக் காட்டுங்கள். ஏக்கர் கணக்குக்குக் கிடைக்காத மதிப்பெண் இதற்குக் கிடைக்கும்.

ஆழத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். டாக்கின் உள்ளே எவ்வளவு ஆழம் என்பது ஒன்று, லாக்கின் அடியில் கதவு வந்து அமரும் படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்பது வேறொன்று. நம் வீட்டு நிலைப்படி மாதிரிதான் அதுவும். கப்பலின் அடி இடிப்பது அங்கேதான். அந்தப் படிக்கு மேல் நிற்கும் தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் அது அதிகம், அஷ்டமியை ஒட்டி வரும் சின்ன ஓதத்தில் குறைவு. பழைய நூல்களில் ஆழத்தைப் பெரும்பாலும் ஓதம் ஏறி நிற்கும் மட்டத்திலிருந்து அளந்திருப்பார்கள், இன்றைய கடல் வரைபடங்களில் ஓதம் மிகவும் வற்றிய மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு மொத்தமும் கவிழ்ந்துவிடும். எண்ணை எழுதும்போதே எந்த மட்டத்திலிருந்து என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். நான் இதற்கென்றே பச்சை மை வைத்திருந்தேன்.

டன்னும் அப்படித்தான். பதிவு டன் என்பது எடை இல்லை, 100 கன அடி கொள்ளளவு. டெட்வெயிட் டன்தான் கப்பல் சுமக்கும் எடை. அப்புறம் சவுத்தாம்ப்டனில் 1933இல் திறந்த ஐந்தாம் ஜார்ஜ் டாக். 1,200 அடி நீளம், 135 அடி அகலம் என்று பார்த்ததும் லண்டன் டாக்கோடு ஒப்பிடத் தோன்றும், பெயரும் ஒன்றுதான். ஆனால் அது தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்த்த உலர் டாக். சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கோடு அதைச் சேர்த்து எழுதாதீர்கள்.

இன்றைய நிலைமை பற்றிய கேள்வி நிச்சயம் வரும், அதையும் வாசலை வைத்தே எழுதலாம். 250 ஏக்கர் ராயல் டாக்குகள் 1981இல் சரக்குப் போக்குவரத்துக்கு மூடப்பட்டன. அவற்றில் இரண்டு டாக்குகளுக்கு நடுவே இருந்த நிலத்தில் இப்போது லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை இருக்கிறது. கன்டெய்னர் கப்பலுக்கு ஏக்கர் கணக்கில் தண்ணீர் தேவையில்லை. அகலமான வழி, கப்பல் அணைந்து நிற்க ஆழமான இடம் (பெர்த்), பின்னால் பரந்த நிலம், இவைதான் தேவை. லிவர்பூலில் 2016இல் திறந்த புதிய கன்டெய்னர் முனையத்தை லாக்குக்கு உள்ளே வைக்காமல் மெர்சி ஆற்றின் கரையிலேயே கட்டினார்கள். இம்மிங்ஹாமில் 1912இல் வெட்டிய 45 ஏக்கர் டாக் இன்னும் இயங்குகிறது, ஆனால் பெரிய கப்பல்கள் லாக்குக்கு வெளியே ஹம்பர் ஆற்று முனையங்களில்தான் வந்து நிற்கின்றன. கன்டெய்னர் துறைமுகமான ஃபிலிக்ஸ்டோவில் லாக்கே இல்லை. 400 மீட்டர் நீளமும் 61 மீட்டர் அகலமும் உள்ள கப்பல் அங்கே வருகிறதென்றால் அதுதான் முதல் காரணம்.

தேர்வு நெருங்கும்போது ஒரே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். டாக்கின் பெயர், திறந்த வருடம், லாக்கின் நீள அகலம், படிமேல் ஆழம், ஜோடிக் கப்பல், இவை போதும். எட்டு டாக்குக்கு மேல் எழுத வேண்டாம். பழைய அளவுகளை அடிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, ஒப்பிடும் இடத்தில் மட்டும் மீட்டருக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே மாற்றப் போய் நான் நிறையத் தப்புச் செய்தேன். விடையில் டாக்கின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கட்டாயம் போடுங்கள். ஆறு, லாக், படி, டாக், இரண்டு நீர்மட்டக் கோடுகள், இவ்வளவுதான். கைகூட வலிக்காது.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. பிரிஸ்டலுக்கு அருகே 1977இல் திறந்த ராயல் போர்ட்பரி டாக்குக்கு வரக்கூடிய கப்பலின் எல்லை 290 மீட்டர் நீளம், 41 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்). பனாமா கால்வாயின் பழைய லாக்குகளுக்காகவே கட்டிய மிகப் பெரிய கப்பல் 294 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், டிராஃப்ட் 12 மீட்டர். அகலத்தில் 9 மீட்டர் மிச்சம், ஆழத்திலும் தாராளம். நீளத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வருமா என்று நீங்களே எழுதுங்கள்.