கணக்குக் கேட்கும் செவிலியர்

இங்கிலாந்தில் குடியேறிய பிறகுதான் எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய் இருப்பது தெரியவந்தது. குடல்நோய் மருத்துவரை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்க்கிறேன். இடைப்பட்ட மாதங்களில் என் நோயைக் கவனித்துக்கொள்பவர், இங்கே ஐ.பி.டி. (குடல் அழற்சி நோய்) நர்ஸ் என்று அழைக்கப்படும் சிறப்புச் செவிலியர். இதை ஊரிலுள்ள உறவினர்களிடம் சொன்னால், "ஏன், டாக்டர் பார்க்க மாட்டாரா?" என்று கவலைப்படுகிறார்கள்.

சென்ற மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஐந்தாவது முறையாகக் கழிப்பறையிலிருந்து திரும்பியதும், செவிலியர்களின் ஆலோசனை எண்ணில் தகவலைப் பதிவு செய்தேன். மறுநாள் மதியம் அவர் அழைத்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் ரத்தம் போகிறதா, தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அவை ஒப்புக்குக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்றும் கையாளப்படுகிறது: ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் ரத்தத்துடன் மலம் போய், கூடவே காய்ச்சலோ, ரத்தசோகையோ, நிமிடத்துக்கு 90ஐத் தாண்டிய நாடித்துடிப்போ இருந்தால், அது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நிலை அன்று. நான் அந்தக் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் இருந்தேன்.

அடுத்த கேள்வியில்தான் அவருடைய திறமை தெரிந்தது. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, நான் தயங்காமல் ஆம் என்றிருந்தேன். இவரோ, "உடம்பு நன்றாக இருக்கும்போது எல்லோருக்கும் மறந்துபோகும்; உங்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் மறக்கிறது?" என்று கேட்டார். மூன்று நாள் என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. முழங்கால் வலிக்கு நானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட இபுப்ரோஃபெனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது இந்த நோயைக் கிளறிவிடக்கூடிய மருந்து.

கிருமித்தொற்று இல்லையென்று உறுதி செய்யவும், குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடுகிற கால்ப்ரோடெக்டின் என்னும் புரதத்தை அளக்கவும் மாதிரி கேட்டார். தொற்று இல்லை, புரதம் ஏகமாகக் கூடியிருந்தது. மருத்துவரோடு கலந்துபேசி, ஸ்டீராய்டுக்குப் போவதற்கு முன், குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரையை முழு அளவில் கொடுத்து, இரவில் அதே மருந்தை எனிமாவாகவும் சேர்த்தார். இடப்பக்கமாகப் படுத்து, வலது முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டுமென்பதை, சமையல் குறிப்புச் சொல்வதைப் போல் அவர் விளக்கியதில் என் கூச்சம் பாதி போய்விட்டது.

இதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில் இந்தப் பணிக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் விடுப்பில் போனால், இரண்டு வாரம் கழித்து அழைக்கும்படி பதிவுக் குரல் சொல்லும். 2,50,000 மக்களுக்கு இரண்டரை முழுநேரச் செவிலியர் வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2019ஆம் ஆண்டுத் தர வரையறை. அரை ஆள் என்பது கணக்கில் வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அந்த இரண்டு வாரங்களைக் கழித்தவனுக்கு அது வேடிக்கை அல்ல.

இப்போதைய செவிலியர் வெள்ளிக்கிழமைதோறும் அழைத்தார். குளிர்சாதனப் பெட்டியில் மாட்டிய நாட்காட்டியில் நான் பென்சிலால் போட்டு வைத்த கோடுகளை எண்ணிச் சொல்வேன். மூன்றாவது வெள்ளியன்று, "இரண்டு" என்றேன். "ரத்தம்?" "இல்லை." "மாத்திரை எத்தனை நாள் மறந்தது?" என்றார், விடாமல்.