பின்கட்டு ஷெட்டும் டைப் சாரும்

நம் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவிலிருந்து "ரெண்டு பக்கம் எழுதுங்க, பழைய போட்டோ இருந்தா அனுப்புங்க" என்று கேட்டபோது எங்கள் டைப்ரைட்டிங் வாத்தியார் டைப் சார் உயிரோடு இருந்தார். நான் எழுத உட்கார்ந்தபோது இல்லை. அதனால் ஸ்போர்ட்ஸ் டே, பின்கேட் ஐஸ் வண்டி, பாய் கடை சமோசா, ரெண்டாவது பெல்லுக்கு அப்புறம் சுவர் ஏறிக் குதித்தது, இதையெல்லாம் வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். எப்படியும் வருஷா வருஷம் எழுதுகிறார்கள்.

ஃபர்ஸ்ட் குரூப் ஆட்களுக்கு டைப் சாரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார மாட்டார். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட் இருந்ததே, அதுதான் அவருக்கு ஸ்டாஃப் ரூம், எங்களுக்கு வகுப்பறை, பள்ளிக்கூடத்துக்கு உடைந்த பெஞ்ச் போடுகிற இடம். 1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தபோது கூடவே வந்தது தொழிற்பாடப் பிரிவு. பத்தாவது முடித்ததும் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் ஏதாவது ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகட்டும் என்பதுதான் அதன் எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் நம்ம ஸ்கூலில் 'வொகேஷனல்' என்றால் மார்க் வராதவன் என்று அர்த்தம். 1990-ல் நான் அதில் விழுந்தேன். அப்பா ஹார்பரில் கூலி, வீடு கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம். "டைப் கத்துக்கினா ஷிப்பிங் ஆபீசுல சேத்து உடலாம்" என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப், செமிகோலன்-எல்-கே-ஜே-ஹெச்-ஜே. இன்றைக்கும் மீட்டிங்கில் சலிப்புத் தட்டினால் என் விரல் தன்னால் மேஜைமேல் இதை அடிக்கும். டைப் பரீட்சையில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஃபேசிட் மெஷின்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ், சித்திரை வெயில். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் கிளம்பி வந்ததற்கு சின்ன மகள்தான் காரணம். இங்கே சான் டியாகோவில் அவள் ஒன்பதாவது சேருகிறாள். பாடங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு தாள் கொடுத்தார்கள். நமக்கு குரூப் என்றால் ஒரே வெட்டு, மார்க் ஷீட்டைப் பார்த்து ஆபீசில் முடிவு பண்ணிவிடுவார்கள். இவர்களுக்கு மெயின் பாடங்கள் போக 'எலெக்டிவ்' என்று ஒரு பட்டியல். தலைமைப் பண்புக்கு ஒரு வகுப்பு, அதில் ஸ்டூடண்ட் கவுன்சில் நடத்துவதே பாடம், அதற்கு கிரெடிட்டும் உண்டு. நம்ம என்.சி.சி. மாதிரி ஜே.ஆர்.ஓ.டி.சி. என்று ஒன்று, 1916-லிருந்து நடக்கிறதாம், நம்முடையது 1948. (பரேடு முடிந்து பூரி கிழங்கு தருவார்களா என்று கேட்டேன். மகள் பதில் சொல்லவில்லை.) அப்புறம் 'அவிட்' என்று ஒன்று.

இந்த அவிட் எங்கள் ஊரில் பிறந்த சரக்குதான், எங்கள் ஊர் என்றால் சான் டியாகோ. 1980-ல் கிளேர்மான்ட் ஹைஸ்கூலில் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற இங்கிலீஷ் டீச்சர், 32 பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தார். கோர்ட் உத்தரவின்படி வேறு பேட்டைகளிலிருந்து ஏழைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து சேர்கிறார்கள், அவர்களை லேசான வகுப்பில் தள்ளிவிடலாம் என்று எல்லாரும் நினைத்த நேரம். இந்தம்மா தலைகீழாக யோசித்தார்: கஷ்டமான வகுப்பிலேயே போடுங்கள், ஆனால் அதில் தாக்குப்பிடிக்க என்ன வேண்டுமோ அதைச் சொல்லிக்கொடுக்க தினம் ஒரு பீரியட் கொடுங்கள். நோட்ஸ் எடுப்பது எப்படி, ஃபைலை ஒழுங்காக வைப்பது எப்படி, சந்தேகத்தைக் கேள்வியாக மாற்றுவது எப்படி, காலேஜுக்கு எப்படி அப்ளை பண்ணுவது. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகிற பிள்ளைகள், படிப்பில் நடுவாந்தரமான பிள்ளைகள், இவர்களுக்குத்தான் முக்கியமாக. காலேஜ் மாணவர்கள் வந்து கூட உட்காருவார்கள், விடை சொல்ல மாட்டார்கள், கேள்வி கேட்டுக் கேட்டே விடைக்குக் கொண்டுவருவார்கள்.

படித்ததும் எனக்கு சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே எங்கள் ஷெட்டில் பண்ணினார்கள்! என்ன, சனிக்கிழமை கலர் டிரஸ்ஸில் வந்து உட்கார்ந்த சர் தியாகராயா கல்லூரி பி.காம். அண்ணன்கள் விடையும் சொன்னார்கள், மண்டையில் ஒரு கொட்டும் வைத்தார்கள்.

சரி, பிரேயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செட்டில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், சிலர் அன்றைக்குச் சிரித்தவர்கள்.

1991-ல் எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவர், தேர்வுக்கு பெயர் கொடுக்கலாம் என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் என்றுதான் எழுதியிருந்தது. நான் டைப் அடித்த விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மார்ஜின் எல்லாம் விட்டு, அழகாக. திங்கட்கிழமை பிரேயரில் மைக் பிடித்திருந்தவர் (பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை) அதைத் தூக்கிக் காட்டினார். "ஷெட்டுலேர்ந்துகூட ஒரு அப்ளிகேஷன் வந்திருக்கு. தம்பி, லெட்டர் டிக்டேட் பண்றவன்தான் லீடர். நீ எழுதிக்கிறவன்." அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மைதானம் முழுக்க சிரித்தது, ஆறாவது பசங்கள் புரியாமலே சிரித்தார்கள். அப்புறம் கொடி வணக்கம், அப்புறம் கலைந்து போனோம். அந்த வருஷமும் ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்துதான் எஸ்.பி.எல்.

டைப் சார் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு பின்வரிசையில் நின்றிருந்தார். அங்கே ஒன்றும் பேசவில்லை. அவர் பேசக்கூடிய நிலைமையிலும் இல்லை, வேலை அப்போது எந்த அளவுக்கு நிரந்தரம் என்பது அவருக்கே தெரியாது. ஷெட்டுக்கு வந்து சாக்பீஸை எடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "டிக்டேட் பண்றவனுக்கு கமா எங்க வெக்கணும்னு தெரியாதுடா" என்றார். "ம், மெஷின் கவரை எடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கூட்டம் போட்டார். அலுவலக மேலாண்மைப் பாடத்தில் நிகழ்ச்சி நிரல், கோரம் (கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள்), தீர்மானம், மினிட்ஸ் எல்லாம் இருக்கிறது, மனப்பாடம் பண்ணி பத்து மார்க் வாங்குகிற சங்கதி. அவர் அதை நிஜமாகவே நடத்த ஆரம்பித்தார். தலைவர் வாரம் ஒருத்தர், ரோல் நம்பர் வரிசைப்படி. திக்குவாய்ப் பையனும் தலைவர் ஆகணும், வியாசர்பாடியிலிருந்து வந்த ரவுடிப் பையனும் ஆகணும். தலைவர் கடைசியில்தான் கருத்துச் சொல்லணும், முதலில் மற்றவர்கள் பேசி முடிக்கணும். எவன் குறுக்கே பேசினாலும் மினிட்ஸில் பேர் ஏறும். பேர் ஏறினால் அடுத்த வாரம் அவன் எழுந்து நின்று, போன கூட்டத்தின் மினிட்ஸை, தன் பேரோடு, படிக்கணும். ஒரு மாதத்தில் குறுக்கே பேசுகிறவன் இல்லாமல் போய்விட்டான், ரவுடி உட்பட.

முதல் தீர்மானம் ஷெட்டுக்கு இன்னொரு ஃபேன். நிர்வாகத்துக்குக் கடிதம், கார்பன் வைத்து மூன்று காப்பி. "குடுத்துட்டு வந்துடாத, ரெண்டாவது காப்பியில சீல் போட்டு தேதியோட கையெழுத்து வாங்கினு வா." ஆபீசில் போட மாட்டேன் என்றார்கள். போய் நின்றோம். திரும்பவும் போய் நின்றோம், யாரும் சத்தம் போடவில்லை, மாற்றி மாற்றி ஒரு ஆள் போய் நின்றுகொண்டே இருந்தோம். சீல் விழுந்தது. ஃபேனும் வந்தது, எங்களுக்கு இல்லை, அடுத்த செட்டுக்கு.

ஏப்ரல் வந்தால் காலேஜ் வேலை. எங்களில் யார் வீட்டிலும் காலேஜ் வாசல்படி மிதித்தவர்கள் கிடையாது, எனவே அப்ளிகேஷன் என்பதே ஒரு பயம். சார் ஒரு டம்மி ஃபாரம் டைப் அடித்து வைத்திருந்தார். முதலில் பென்சிலில் அதை நிரப்பணும், பிறகுதான் நிஜ ஃபாரம். தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிக் கொடு, ரிசல்ட் வந்தப்புறம் போனா கூட்டத்துல மாட்டிக்குவ. டி.சி.யில் இனிஷியல் சரியா பார். ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். அதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர், ஓ.பி. ஆரம்பிக்கும் முன்னால் போனால் போட்டுத் தருவார், நாங்கள் வரிசையாக நிற்போம். "ஏன் பி.காம்.?" என்று ஷெட்டிலேயே இன்டர்வியூ. "சார், வேற எதுவும் கிடைக்காது சார்" என்று ஒருத்தன் உண்மையைச் சொன்னான். "அத இங்கிலீஷ்ல டீசண்டா சொல்லுடா" என்றார்.

எனக்கு பி.காம். கிடைத்தது. சாயந்திரம் கம்ப்யூட்டர் கிளாஸ், அப்புறம் ஒய்-டூ-கே (2000 பிறக்கும்போது வரும் என்ற கம்ப்யூட்டர் தேதிக் கோளாறைச் சரிபண்ணுகிற வேலை), அப்புறம் ஃபிளைட். அந்தக் கதை உங்கள் எல்லாருடைய கதையும்தான், தனியாக எழுத ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. சாருக்கு நாங்கள் அமெரிக்கா, சிங்கப்பூர் போகணும் என்று ஆசையெல்லாம் இருந்ததே இல்லை. அவர் அடிக்கடி சொன்னது வேறு: "எந்த ஆபீஸ் கவுண்டருக்குப் போனாலும் உள்ள ஒக்காந்துனு இருக்கறவன் நம்ம ஏரியாவா இருக்க மாட்டான். ஒருத்தனாவது உள்ள ஒக்காருங்கடா." அதற்காகத்தான் அத்தனை கார்பன் பேப்பர். நாங்கள் கவுண்டரையும் தாண்டி ஊரையே தாண்டி வந்துவிட்டோம். நான் அங்கேயே ஒரு வங்கியிலோ துறைமுகத்திலோ உட்கார்ந்திருக்கலாம். நல்ல சம்பளம் கிடைத்திருக்காது, ஆனால் அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் பஸ் ஏறி வந்து பார்த்திருக்கலாம். இதையும் சொல்லணும்: அந்தத் திக்குவாய்ப் பையன் போகவில்லை. தண்டையார்பேட்டையில் அவன் தெரு நலச்சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். கடைசியாகப் போனபோது (விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, 2021-லிருந்து ஓடுகிறது, நம்ம ஆட்கள் நம்ப மாட்டார்கள்) அவன் வீட்டுத் திண்ணையில் ஆறேழு பிள்ளைகள் மொபைலோடு உட்கார்ந்து காலேஜ் அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாமே ஆன்லைன். அரசு 2022-ல் 'நான் முதல்வன்' கொண்டுவந்திருக்கிறது, வழிகாட்ட ஏற்பாடு இருக்கிறது, நல்ல விஷயம். ஆனாலும் ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போகிறது, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளை முழிக்கிறது. அந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டும். அவன் பேசும்போது இன்னும் லேசாகத் திக்கினான், ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

சார் ரிட்டயர் ஆனதும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பிரிவையே மூடிவிட்டார்கள். ஷெட் இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். நம் சங்கம் போன வருஷம் ஸ்மார்ட் கிளாஸுக்குப் பணம் அனுப்பியது, திரையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, போட்டோவும் வந்தது. நானும் லைக் போட்டேன்.

மலரில் தீர்மானம் போடக்கூடாது என்று நம் சங்க விதிகளில் எங்கும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்காக:

தீர்மானம்: பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு, எந்த குரூப்பாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கூட்டம் நடத்தவும், ஏப்ரலில் காலேஜ் விண்ணப்பம் நிரப்ப உதவவும், பகுதிநேர ஆசிரியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் சங்க நிதியிலிருந்து தரப்படும். பள்ளி நிர்வாகத்துக்கு இது குறித்து எழுதப்படும், ரெண்டாவது காப்பியில் சீல் வாங்கப்படும்.

முன்மொழிபவர்: 1992 செட், வொகேஷனல்.
வழிமொழிபவர்: (ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்து யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.)