இரவு ஷிப்டுக்குப் பிறகு வரும் பகல்

மலேசிய அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் தாதியரின் வேலை நேரம் பெரும்பாலும் மூன்றாகப் பிரிந்திருக்கும்: காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை. இந்த மூன்றிலும் மாறி மாறி நின்று, பிறகு வார்டு சிஸ்டராக மற்றவர்களுக்கு ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) எழுதி, ஓய்வு பெற்றுப் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் குடியிருக்கும் என்னிடம் பழைய தோழிகள் அடிக்கடி ஒன்றைக் கேட்கிறார்கள். தெரிந்தவர் பெயர் சட்டென்று நாவில் வராவிட்டாலும், அடுப்பை அணைத்தோமா என்று இரண்டாம் முறை போய்ப் பார்க்க நேர்ந்தாலும், "இத்தனை வருஷம் ராத்திரி முழிச்சதோட பலனா இது?" என்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள், ஆனாலும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் தூக்கம் குறைந்த வேலையை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், வெயில் ஏறிப் பால் ஓட்டம் குறைவதற்குள் தங்கள் மர நிரையை வெட்டி முடித்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். "ஃபேன் காத்துல நிக்கிற வேலைக்கு என்னடி அப்படி ஒரு களைப்பு?" என்று அம்மா கேட்டதுண்டு. அவர் செய்த வேலையின் கடுமைக்கு என்னுடையது ஈடாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அம்மா எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுந்தார், இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்தார். அவருடைய உடல் அந்த ஒழுங்குக்குப் பழகிக்கொண்டது. தாதியின் உடலுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. இரவு வேலைக்கு அது பாதி பழகும் வேளையில் ரோஸ்டர் மாறிவிடும்.

மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் கடிகாரமாக வேலை செய்யும் ஒரு சிறிய நரம்புத் திரள் இருக்கிறது. அதைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். இரவு முழுவதும் விழித்திருந்தாலும் அது தன் கணக்கை விடாது. அதிகாலை நான்கு மணியை ஒட்டி உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, கவனமும் அதோடு தாழ்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே வார்டில் கண்டிருக்கிறேன். இன்சுலின் போடுமுன் இரண்டு தாதியர் சேர்ந்து நின்று, மருந்துச் சீட்டையும் ஊசியில் ஏற்றிய அளவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மாலையில் இது ஒரு மூச்சில் முடியும். விடியற்காலையில் அதே எண்ணைப் படித்த பிறகும், எதிரில் நிற்பவள் மறுபடி ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். படித்தது மனத்தில் பதியவில்லை என்பது அவளுக்கே தெரியும். இது அந்த ஓர் இரவின் மந்தம். தூங்கி எழுந்தால் போய்விடும். தோழிகள் கேட்பது, போகாமல் தங்குவது ஏதாவது உண்டா என்பதை.

ஆராய்ச்சிகள் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. தென் பிரான்சில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பத்தாண்டுக் காலம் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, பத்து ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி ஷிப்டில் இருந்தவர்களின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் ஆறரை வயது கூடியவர்களுடையதைப் போல் இருந்ததாகவும், அந்த வேலையை விட்டுக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே நிலைமை சீரடைந்ததாகவும் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய பெரிய தாதியர் ஆய்வில், வயதான தாதியரிடம் தொலைபேசி வழியாகத் திரும்பத் திரும்ப நினைவுச் சோதனை நடத்தி 2013-இல் வெளியிட்ட முடிவு, சுழற்சி இரவுப் பணிக்கும் முதுமையில் நினைவு குறைவதற்கும் தெளிவான தொடர்பு காணவில்லை என்கிறது. டென்மார்க் தாதியரை வைத்துச் செய்த ஆய்வோ, பல ஆண்டுகள் நிரந்தரமாக இரவிலேயே வேலை செய்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாக இருக்கலாம் என்று காட்டியது.

இந்த முரணுக்கு ஒரு காரணம் எனக்கு வார்டிலிருந்தே தெரிகிறது. இரவுப் பணி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதில் நீடிப்பதில்லை. தலைவலி, வயிற்றுப்புண், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக வந்து, பகல் நேரக் கிளினிக்குக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள், அல்லது வேலையையே விட்டுவிடுவார்கள். இருபது ஆண்டுகள் நின்றவர்கள் இயல்பிலேயே தாங்கக்கூடியவர்கள். அவர்களை மட்டும் எடுத்து அளந்தால், பாதிப்பு குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை.

என் கவலை வேறோர் இடத்தில் நிற்கிறது. இரவுப் பணி நேராக மூளையைத் தொடுகிறதோ இல்லையோ, இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவு வழியாக அதைத் தொட முடியும். அமெரிக்கத் தாதியரையே கொண்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, சுழற்சி இரவுப் பணியின் ஆண்டுகள் கூடக் கூட இரண்டாம் வகை நீரிழிவும் கூடுவதைக் காட்டியது. லான்செட் மருத்துவ இதழ் மறதிநோய் பற்றி அமைத்த ஆணையம் 2024-இல் வெளியிட்ட, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களின் பட்டியலில் இரவுப் பணி இல்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன், மனச்சோர்வு எல்லாம் இருக்கின்றன. மலேசியாவிலோ நீரிழிவு இந்தியரிடையேதான் மிக அதிகம். அதிகாலையில் கண்ணைத் திறந்து வைக்கச் சீனி போட்ட மைலோவும் மேரி பிஸ்கட்டும், வேலை முடிந்து வீடு போகும் வழியில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் என்று பழகிய எங்கள் கூட்டத்தில், மறதியைப் பற்றிக் கேட்பவர்களில் பலர் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆகவே அவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைத்தான்.

இன்னொன்று, பகல் தூக்கம். தீபகற்ப மலேசியா 1982-இல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், எங்கள் பக்கத்தில் சூரியன் உதிப்பதே காலை ஏழு மணியை ஒட்டித்தான். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறினால் இளவெயில் நேராக முகத்தில் அடிக்கும். பொழுது விடிந்துவிட்டது என்று மூளைக் கடிகாரத்துக்குச் சொல்ல அதைவிட வேறென்ன வேண்டும்? கறுப்புக் கண்ணாடி போட்டுப் போகிற தாதியைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வதுண்டு, ஆனால் அவள் செய்வது சரி. வீட்டில் போய்ப் படுத்தால் பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியோடு தாமானை, அதாவது குடியிருப்பை, சுற்றி வரும். அதற்குப் பிறகு பள்ளி வேன் வரும். வீட்டில்தானே இருக்கிறாள் என்று மாமியாரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் பொறுப்பும் அவள் தலையில் விழும். "படுத்தேன் அக்கா, ஆனா தூங்கல" என்று சொல்லிக்கொண்டே அன்றிரவு மறுபடி வேலைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணவன்மார் பலர் இதைப் புரிந்துகொள்ளவே இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர்கள் மட்டும் ஓரளவு புரிந்துகொண்டார்கள், அதுவும் அவர்கள் பகலில் தூங்கும்போது வீட்டில் சத்தம் எழாமல் மனைவி பார்த்துக்கொண்டதால்தான்.

ரோஸ்டர் எழுதத் தொடங்கியபோது என்னால் மாற்ற முடிந்தது மிகவும் கொஞ்சம். மனிதரின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது பின்னோக்கிச் சுழல்வதைவிட எளிது. மாலை ஷிப்ட் முடிந்து இரவு 9-க்குப் போகிறவளை மறுநாள் காலை 7-க்கு வரச் சொன்னால் இடையில் இருப்பது பத்து மணி நேரம்தான், அதிலும் பயணம், குளியல், சமையல் போக மிச்சம் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேரச் சட்டம் இரண்டு வேலை நாள்களுக்கு இடையே 11 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்கிறது. ஆகவே மாலைக்குப் பின் காலை வராதபடி எழுதிப் பார்த்தேன். முதலில் எதிர்த்தவர்கள் தாதியர்தாம். மாலைக்குப் பின் காலை என்று நெருக்கிப் போட்டால் பிற்பகல் 2 மணிக்கே விடுமுறை தொடங்கிவிடும். பிள்ளைகளோடு பினாங்கிலோ கிள்ளானிலோ இருக்கும் அம்மா வீட்டுக்கு அன்றைக்கே புறப்பட்டுவிடலாம். அவர்களுக்கு அந்த அரை நாள், முதுமையில் வரக்கூடிய மறதியைவிடப் பெரியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தோம்: மாதம் முழுவதும் என் ஒழுங்கு, தீபாவளி, பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களில் மட்டும் அவர்கள் கேட்டபடி.