கூட்டக் குறிப்பு நோட்டு

ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த மக்களைப் பங்கு என்போம், அதன் பொறுப்புக் குருவைப் பங்குத்தந்தை என்போம். அவரோடு கூடிப் பேசும் மக்கள் குழுவான எங்கள் பங்குப்பேரவைக்கு ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்று எழுதி வைப்பது என் வேலை. போன மாதம் பழைய நோட்டுகளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "இது குறித்துப் பரிசீலிப்பதாகப் பங்குத்தந்தை கூறினார்." எண்ணிப் பார்த்தேன், 43 இடங்கள். எல்லாம் நானே எழுதியவை. நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோவிலை விட்டு நான் எங்கும் போகப் போவதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு வழிபாடான திருப்பலியில் வாசகத்தை முடித்துத் தலை நிமிரும்போது மொத்தக் கோவிலும் ஒரே குரலில் நன்றி சொல்லும். அந்தக் குரலில்தான் நான் வளர்ந்தேன். என் அப்பாவை அடக்கம் செய்த அன்றும் அந்தக் குரல்தான் என்னை நிற்க வைத்தது. மனது வலிப்பதே அதனால்தான்.

43-ல் ஏழு இடங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. எங்கள் பங்கில் ஒரு தாய். மகனுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. கோவில் வாசலில் ஆறு படிகள். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது இரண்டு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டும். ஓரமாக ஒரு சாய்தளம் கட்டித் தாருங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நான்தான் கூட்டத்தில் வாசித்தேன். பரிசீலனை. அடுத்த கூட்டத்திலும் பரிசீலனை. இதற்கிடையில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிவில் அறிவிப்பு வந்தது: பீடத்தைப் பளிங்கில் புதுப்பிக்கிறோம், தாராளமாகக் காணிக்கை தாருங்கள். பேரவையில் இருந்த எங்களுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். பளிங்குப் பீடம் அழகாகவே வந்தது. அந்தத் தாய் வருவதை நிறுத்திவிட்டார். பையனுக்கு வீட்டுக்கே போய், திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையைக் கொடுத்தார்கள். அது நல்லதுதான். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. எல்லோரோடும் சேர்ந்து பாட வேண்டும் என்றுதான் கேட்டான்.

2019-ல் பங்குத்தந்தை மாறினார். புதிதாக வந்தவர் முதல் வாரமே நோட்டைக் கேட்டு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். மூன்றே வாரத்தில் சாய்தளம் வந்தது. மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது: வரவு, செலவு, கையிருப்பு. 2021 அக்டோபரில் ஆயர்கள் (பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவர்கள்) உரோமையில் கூடும் மாமன்றத்துக்கான கலந்துரையாடல் உலகம் முழுவதும் மறைமாவட்டங்களில் தொடங்கியபோது, எங்கள் பங்கிலும் நாலு மாலை உட்கார்ந்தோம். முதல் நாள் வந்தவர்கள் பதினான்கு பேர். கடைசி நாள் அறுபதைத் தாண்டியது. கோவிலைக் கூட்டிச் சுத்தம் செய்யும் ஓர் அம்மா எழுந்து, "இத்தனை வருஷத்துல என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். அதையும் எழுதினேன். ஒவ்வொரு மறைமாவட்டமும் பத்துப் பக்கத்துக்குள் சுருக்கி அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தப் பத்துப் பக்கத்தில் அவருடைய வரி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

2023-ல் அந்தப் பங்குத்தந்தைக்கும் மாற்றம் வந்தது. அடுத்தவர் வந்த இரண்டாம் மாதம் கணக்குத்தாள் பலகையிலிருந்து காணாமல் போனது. கூட்டங்கள் குறைந்தன. நோட்டில் பழைய வரி திரும்ப வந்தது.

என்னை அரிப்பது இதுதான். நல்லவர் வந்தால் பங்கு மலர்கிறது, அவர் போனால் அவரோடு எல்லாம் போய்விடுகிறது. அப்படியென்றால் அது எங்கள் பங்கா, வந்து போகிறவரின் பங்கா? 1964-ல், உலகின் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் இறைமக்கள் பற்றிய அதிகாரம்தான் முன்னால் வருகிறது. ஆயர்கள், குருக்கள் பற்றிய அதிகாரம் அதற்கு அடுத்துத்தான். அந்த வரிசையை யோசித்துத்தான் வைத்தார்கள். ஆனால் 1983-ன் திருச்சபைச் சட்டத்தில் எண் 536, பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே தருகிறது. பேரவை வேண்டுமா என்பதையே ஆயர்தான் தீர்மானிக்கிறார். நிதிக்குழு அப்படியில்லை, ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எண் 1287-ம் சொல்கிறது. 2024 அக்டோபரில் முடிந்த மாமன்றத்தின் இறுதி ஏடு, பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறது. அப்போது போப்பாக இருந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு ஒப்புதல் தந்து அப்படியே வெளியிடச் சொன்னார். உரோமையில் எழுதப்பட்ட இந்த வரிகள் எங்கள் கோவில் வாசற்படி வரை வந்து சேர எத்தனை வருடம் ஆகும்?

   

சட்டத்தைப் புரட்டியபோது இன்னோர் எண்ணும் கண்ணில் பட்டது: 212. திருச்சபையின் நன்மைக்கானதைப் பற்றித் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்கிறது. கடமை என்ற சொல்லில் நின்றுவிட்டேன். இப்போதைய பங்குத்தந்தை வந்து இத்தனை நாளாகியும் இந்த நோட்டை நான் அவரிடம் காட்டவே இல்லை. அவரும் கேட்கவில்லை, சரி. நான் ஏன் கொடுக்கவில்லை? பலகையில் கணக்கு ஒட்டும் வழக்கம் இருந்ததை யாராவது அவரிடம் சொன்னோமா? வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை நோட்டுகளை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்குப் போனேன். அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் மருந்துச் சீட்டும் அடக்கத் திருப்பலிக்கான தாளும் கிடந்தன. அந்த வாரம் மட்டும் அவருக்கு மூன்று அடக்கம். நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதியை விட்டுவிட்டேன். சாய்தளத்தின் கதையை மட்டும் முழுதாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "இது எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்தப் பையன் இப்போது பாடகர் குழுவில் முதல் வரிசையில் இருக்கிறான் என்று சொன்னதும், "அவனா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

நோட்டுகள் இப்போது அவரிடம்தான் இருக்கின்றன. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. நிகழ்ச்சி நிரலில் ஜெபத்துக்கு அடுத்ததாக "மாதக் கணக்கு வாசித்தல்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை அடிக்கவில்லை.